அழகா? பயனா? – பட்டிமண்டபத்தில் கூறாது விட்டவை



சென்ற சனவரித் திங்களில் நம் பள்ளி இலக்கிய மன்றத்தின் சார்பில் பட்டிமண்டபம் ஒன்று நடைபெற்றது. “கைப்பேசியில் முதன்மையானது அழகா? பயனா?” என்பது பொருள். பதினோராம் வகுப்பு மாணவியர் அழகின் பக்கமும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் பயனின் பக்கமும் நின்று சொல்மாரி பொழிந்தனர். நடுவராக அமரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. இரு சாராரும் ஒதுக்கிய நேரத்தைக் கடந்து பேசியமையால், பள்ளி விடும் மணிக்கு மூன்று நிமிடமே எஞ்சியிருந்தது. “அழகும் வேண்டும், பயனும் வேண்டும்” என்று தீர்ப்பளித்து நாற்காலியை விட்டு எழுந்தேன். கைதட்டல் கிடைத்தது. ஆயினும் அது தீர்ப்பன்று. நழுவல் என்பது எனக்கே தெரியும்.

அன்று மாலை பள்ளி வாயிலில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். தையல் இயந்திரம் மிதித்துக் குடும்பத்தை நடத்துபவர். அவருடைய மகள் அன்று பயனின் பக்கம் நின்று மேடையை அதிரச் செய்தவள். “டீச்சர், எம்பொண்ணு நல்லாத்தான் பேசுனா. ஆனா வீட்டுல கேக்குறது வேற. காலேஜ் போறப்ப கடிச்ச ஆப்பிள் போட்ட போனுதான் வேணுமாம். அதுக்கு என் தோட்டை வச்சாத்தான் முடியும். வாங்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க” என்றார். மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று! மகளை நான் குறை கூறவில்லை. பதினேழு வயதில் நானும் கைக்கடிகாரம் ஒன்றுக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்தவள்தான். ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஆண்டு மலரின் ஆசிரியர் குழு கட்டுரை கேட்டபோது, அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் இரண்டு பழைய கைப்பேசிகளை நினைவுகூர்வோம். பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 2003-ஆம் ஆண்டு ‘1100’ என்னும் கைப்பேசியை வெளியிட்டது. பார்ப்பதற்குச் சோப்புக்கட்டி போன்றது. ஆனால் அதை உருவாக்கியவர்கள், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களையும் புழுதி பறக்கும் தெருக்களையும் மனத்திற்கொண்டே உருவாக்கினர். உச்சியில் சிறு கைவிளக்கு. தூசி புகாதபடி ஒரே இரப்பர்த் தகட்டாலான பொத்தான்கள். வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள். உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள். கிணற்றடியில் பாம்பு பார்த்தது அந்த விளக்கால்தான் என்று யாரேனும் கூறுவர். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2005-இல் நோக்கியா தன் நூறு கோடியாவது கைப்பேசியை விற்றபோது, நைசீரியா நாட்டில் விலைபோன அதுவும் ஒரு 1100 தான்.

அதே நிறுவனம் 2004-இல் ‘7280’ என்று ஒன்றை வெளியிட்டது. உதட்டுச்சாயக் குப்பி போன்று மெல்லியது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை நிறங்களில் மினுங்குவது. திரை அணைந்தால் அதுவே முகம் பார்க்கும் கண்ணாடியாகும். எண்களை அழுத்தும் பொத்தான்கள் மட்டும் அதில் இல்லை! ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வொரு எண்ணாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்துக்கு மருத்துவமனையை அழைக்க எண்ணுபவள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். தொலைபேசியிலிருந்து எண்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஆபரணம்.

இத்தோடு நிறுத்தினால் பயன் கட்சிக்கே வெற்றி என்று கூறிவிடலாம். அவ்வளவு எளிதன்று.

2007-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகம் செய்தார். எண்களை அழுத்தும் பொத்தான்களை நீக்கிவிட்டு முகத்தைக் கண்ணாடியாக்கியிருந்தார். இது வெறும் பகட்டு என்று அன்று எள்ளியவர் உண்டு. அந்தக் கண்ணாடியின் அடியில் நிகழ்வது நம் பாடப்புத்தகத்தில் உள்ள மின்தேக்கியே. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கடத்திப் பின்னல் ஒன்று கண்ணாடிக்குக் கீழ் உள்ளது. விரலும் ஒரு கடத்தியாதலால், அது அருகே வரும்போது அவ்விடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. எந்த இடத்தில் மாறியதென்று கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. நகம் மின்னைக் கடத்தாது. காலை வழிபாட்டில் நகச் சோதனைக்குத் தப்பிய மாணவியர் நக நுனியால் மட்டும் திரையைத் தொட்டுப் பார்க்கலாம். அது அசைந்து கொடுக்காது.

பொத்தான் இல்லாத கண்ணாடி, பார்வையற்றோருக்கு ஒரு சுவரே அன்றோ? தடவிப் பார்க்க மேடு பள்ளம் ஏதும் இல்லையே! அழகுக்காகப் பயனைக் கொன்றுவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் 2009-இல் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ், விரல் தொடும் இடத்தில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் ‘வாய்ஸ்ஓவர்’ என்னும் வசதியுடன் வந்தது. விரலை நகர்த்தினால் பெயர் கேட்கும்; இருமுறை தட்டினால் திறக்கும். கூகுளின் ஆண்ட்ராய்டிலும் ‘டாக்பேக்’ என்னும் உரக்கப் படிக்கும் வசதி அதே ஆண்டில் வந்தது. பார்வையற்ற என் கல்லூரித் தோழி இன்று தன் வங்கிக் கணக்கைத் தானே பார்க்கிறாள். பேருந்துத் தடத்தைத் தானே தேடுகிறாள். அவளிடம் போய்க் கண்ணாடித் திரை வெறும் அழகு என்று கூறிவிட முடியாது. அழகு என்று நாம் ஒதுக்கும் ஒன்றில் நல்ல பயன் ஒளிந்திருக்கவும் கூடும்.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 2010 சூன் திங்களில் ஐபோன் 4 வெளிவந்தது. சுற்றிலும் ஒளிரும் எஃகுப் பட்டை. அழகுக்கு அழகு, அதுவே அலைவாங்கியுமாகப் பயன்பட்டது. பட்டையின் இடது கீழ்ப்பகுதியில் மெல்லிய இடைவெளி ஒன்று, இரண்டு அலைவாங்கிகளைப் பிரித்தது. இடக்கையால் இயல்பாகப் பிடித்தால் உள்ளங்கை அந்த இடைவெளியை மூடும், கை கடத்தியாகி இரண்டையும் இணைக்கும், சமிக்ஞை குன்றும். முறையிட்ட ஒருவருக்கு, அப்படிப் பிடிப்பதைத் தவிருங்கள் என்னும் பொருளில் பதில் சென்றது! பின்னர் சூலை 16-ஆம் நாள் செய்தியாளரைக் கூட்டி, வாங்கியவர்களுக்கு இலவச உறை வழங்குவதாக அறிவித்தனர். அழகிய எஃகுப் பட்டை, வேலை செய்யும் பொருட்டு இரப்பர் உறைக்குள் மறைந்தது. இதைப் பட்டிமண்டபத்தில் ஒருவரும் எடுத்துக்கூறாதது எனக்கு இன்றும் வருத்தமே.

அடுத்து மின்கலம். பழைய கைப்பேசிகளின் பின்மூடியை நகத்தால் நெம்பி, மின்கலத்தைக் கழற்றி மாட்டலாம். மெலிவுக்காகவும் வழவழப்புக்காகவும், நீர் புகாதிருக்கவும் அதை உள்ளே வைத்துப் பசையிட்டு மூடிவிட்டனர். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் நினைவில் வைக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மின்கலம் முதுமையடையும்போது அதன் அகமின்தடை கூடுகிறது. எடுத்துக்காட்டாக, மின்னியக்கு விசை 3.8 வோல்ட், கருவி ஒரு கணம் இழுக்கும் மின்னோட்டம் 3 ஆம்பியர் எனக் கொள்வோம். அகமின்தடை 0.1 ஓம் ஆயின் இழப்பு 0.3 வோல்ட், கருவிக்கு 3.5 வோல்ட் கிட்டும். முதுமையில் அகமின்தடை 0.3 ஓம் ஆயின் இழப்பு 0.9 வோல்ட், கிட்டுவது 2.9 வோல்ட். கருவி திடீரென அணைந்துபோகும். மின்கலத்தில் மின்னூட்டம் முப்பது விழுக்காடு இருப்பதாகத் திரை காட்டும்போதே அணைவதற்கு இதுவே காரணம்.

இதைத் தவிர்க்க, பழைய மின்கலமுள்ள ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் மென்பொருள் மூலம் குறைத்தது. இயற்பியல்படி அது சரியான மருந்தே. ஆனால் நோயாளிக்குச் சொல்லாமல் கொடுத்த மருந்து! கைப்பேசி தளர்ந்துவிட்டதென்று எண்ணிப் புதியதை வாங்கியவர் எத்தனை பேரோ? மின்கலத்தை மாற்றியிருந்தால் போதுமென அவர்களுக்குத் தெரியாது. 2017 திசம்பரில் உண்மை வெளிவந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்து, 79 டாலராக இருந்த மின்கல மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2020-இல் அமெரிக்க வழக்கு ஒன்றை முடித்துக்கொள்ள 50 கோடி டாலர் வரை தர இசைந்தது. என் கருத்தில், அழகா பயனா என்பதைவிட, உடையவளுக்குத் தன் பொருளின் நிலை தெரிகிறதா என்பதே பெரிய கேள்வி. மூடியிட்டு ஒட்டிய பொருளில் அது தெரிவதில்லை.

காதுப்பேசியின் 3.5 மில்லிமீட்டர்த் துளையும் இப்படியே போயிற்று. 2016-இல் ஐபோன் 7-இல் அதை நீக்கினார்கள். கேலி செய்து விளம்பரம் வெளியிட்ட சாம்சங் நிறுவனமும் 2019-இல் தன் நோட் 10-இல் அதை நீக்கியது. முதலில் ஒரு பெரிய வீட்டுத் திருமணத்தில் தொடங்கும் வழக்கம், பிறகு தெருவெங்கும் கட்டாயமாகி விடுவதில்லையா? நாகரிகத்தின் போக்கே அதுதான்.

### மூடிய உலகம்

கருவியின் உடல் மூடியிருப்பது ஒன்று. அது வாழும் உலகமே மூடியிருப்பது மற்றொன்று. இதைத்தான் பெற்றோர் கூர்ந்து அறிய வேண்டும்.

நம் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியருக்கு இதை எளிதில் விளக்கலாம். விடுதிக்குச் சுற்றுச்சுவர் உண்டு. வாயிலில் காவலர் உண்டு. வருவோர் போவோரை மதர் அறிவார். அதனால் பாதுகாப்பு உண்டு. அதே விடுதியில் தின்பண்டம், எழுதுகோல், சோப்பு யாவும் உள்ளிருக்கும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும், வெளியார் விற்க வந்தால் நூறு ரூபாய்க்கு முப்பது ரூபாய் விடுதிக்குக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (நம் மதர் அப்படிச் செய்யமாட்டார்.) ஐபோனுக்குரிய ஆப் ஸ்டோர் 2008 சூலையில் 500 செயலிகளோடு தொடங்கியது. அன்றுமுதல் அதில் விற்பனையாகும் செயலிகளிலிருந்து 30 விழுக்காடு நிறுவனத்துக்குச் சென்றது. 2021 முதல் சிறு நிறுவனங்களுக்கு அது 15 விழுக்காடாகக் குறைந்தது. இக்கட்டணத்தை ஏற்காத எபிக் என்னும் விளையாட்டு நிறுவனம் 2020-இல் வழக்குத் தொடுத்தது.

அவ்வழக்கில் வெளிவந்த கடிதங்களில் ஒன்று நம்மைப் போன்ற குடும்பங்களைப் பற்றியது. ஐபோனில் ‘ஐமெசேஜ்’ என்னும் செய்தி வசதி உண்டு. ஐபோனிலிருந்து ஐபோனுக்குச் சென்றால் நீல நிறம். பிறவற்றுக்குச் சென்றால் பச்சை. அதனை ஆண்ட்ராய்டுக்கும் தரலாமா என்ற பேச்சு 2013-இல் எழுந்தபோது, உயர் அலுவலர் ஒருவர், அப்படித் தந்தால் ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு உள்ள தடை நீங்கிவிடும் என்று எழுதியிருந்தார். தடை நீங்குவது நன்மை அன்றோ என்று நாம் நினைப்போம். அவருக்குத் தடை இருப்பதே நன்மை! 2022-இல் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தாம் அனுப்பும் காணொளிகள் தம் தாயின் கைப்பேசியில் சரியாகத் தெரிவதில்லை என்றபோது, தாய்க்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுக்கும்படி கூறினார் தலைவர் டிம் குக். வேடிக்கையாகக் கூறியதுதான். தையல் இயந்திரம் மிதிக்கும் தாய்க்கு அந்த வேடிக்கை எத்தனை மாத உழைப்பு என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அமெரிக்கப் பள்ளிகளில் பச்சை நிறத்தில் செய்தி வரும் பிள்ளைகளைக் குழுவில் சேர்க்காமல் ஒதுக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் இந்த ஒதுக்கலையும் ஒரு குறையாகச் சுட்டியது. நம் நாட்டில் பெரும்பாலோர் வாட்ஸ்அப் பயன்படுத்துவதால் நீலம், பச்சை என்ற வேற்றுமை இங்கு வேர்விடவில்லை. ஆனால் கைப்பேசியின் பின்புறச் சின்னம் தெரியும்படி ஏந்தி நிழற்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் மாணவியரிடமும் உண்டென்பதை நான் பிரிவு உபசார விழாவில் கண்டேன்.

மூடிய உலகத்தின் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பைத் திறந்து, வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. 2024-இல் காவல்துறையினரே இதுபற்றி எச்சரித்தனர். அக்கோப்பு ஆண்ட்ராய்டில்தான் நிறுவப்படும். ஐபோன் அதை ஏற்காது. சுற்றுச்சுவர் அந்த இடத்தில் காத்தது. எழுத்தறிவு குறைந்த பெற்றோருக்கும் முதியோருக்கும் இக்காவல் சிறிதன்று. பயன் கட்சியினர் இதை ஒப்புக்கொண்டு பேசியிருந்தால் அவர்கள் வாதம் இன்னும் வலிமை பெற்றிருக்கும்.

ஆண்ட்ராய்டு முழுதும் திறந்த வீடென்றும் எண்ண வேண்டா. அதன் மூலநிரல் 2008 முதல் எவரும் எடுத்தாளக் கிடைக்கிறது. எனினும் கைப்பேசி செய்யும் நிறுவனங்கள் கூகுளின் செயலிகளை மொத்தமாக ஏற்றுத்தான் தீரவேண்டும் என்னும் நிபந்தனைகள் இருந்தன. அதற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அத்தொகையை உறுதி செய்தது.

சுவரில் வாயில் வைக்க முடியாதென்பதும் உண்மையன்று. ஐபோனுக்கு நெடுநாள் தனிவகை மின்னூட்டக் கம்பி இருந்தது. அயலார் வீட்டுக்குச் சென்றால் நம் கம்பியையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே வகைத் துளை என்று சட்டம் செய்தது. 2024 திசம்பர் 28 முதல் அது கட்டாயம் என்றனர். அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 15 பொதுத் துளைக்கு மாறிவிட்டது. எந்தக் கேடும் நேரவில்லை! 2025 சூன் முதல் அங்கே விற்கும் கைப்பேசிகளின் மின்கலம் 800 முறை மின்னேற்றிய பின்னும் 80 விழுக்காடு திறனோடு இருக்க வேண்டும். உதிரிப் பாகங்கள், விற்பனை நின்ற பின்னும் ஏழாண்டுகள் கிடைக்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில் வருந்திய ‘தூக்கியெறியும் பண்பாடு’ இப்படித்தான் சட்டத்தின் சிறு சிறு விதிகளால் சற்றே குறைகிறது.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. மாடத்தில் அமர்ந்து பட்டிமண்டபத்தைக் கேட்ட சிஸ்டர் ஒருவர் பின்னர் என்னிடம், “எங்கள் அங்கியில் ஆழமான பை உண்டு. உங்கள் புடவையிலும் பிள்ளைகளின் சுடிதாரிலும் ஏன் இல்லை? ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே போகும் கைப்பேசியை எங்கே வைப்பீர்கள்?” என்று கேட்டார். அழகா பயனா என்ற வாதத்தை நாம் கைப்பேசியோடு நிறுத்தியது தவறு போலும்.

இன்னொன்றும் கூறவேண்டும். திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் ஆலை இயங்கியது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன. 2022-இல் ஐபோன் 14 அங்கே தயாரிக்கப்பட்டது. அழகின் கருவியையும் பயனின் கருவியையும் ஒரே மண்ணில் பூட்டித் தந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2021 திசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றபோது, அப்பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து முறையிட்டனர். வழவழப்பான அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது அவர்கள் நினைவும் எனக்கு வருகிறது.

அந்தத் தாய்க்கு நான் என்ன கூறினேன்? இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்கே சென்றேன். வாங்கு என்றும் கூறவில்லை, வாங்காதே என்றும் கூறவில்லை. எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் விலைக்கு முன்னர், மின்கலம் மாற்ற எவ்வளவு ஆகும், கண்ணாடி உடைந்தால் எவ்வளவு ஆகும், இன்னும் எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்று கேட்கும்படி மகளுக்குக் கூறினேன். நான்காண்டு கழித்து வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாறினால் நிழற்படங்களையும் எண்களையும் எடுத்துச் செல்ல இயலுமா என்றும் அறிந்துகொள்ளச் சொன்னேன். தோட்டை அடகு வைத்தால் வட்டியும் விலையில் சேரும் என்று தாளில் கணக்கிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பட்டிமண்டபத்தில் பேசியவளா இவள் என்றிருந்தது.

மே திங்களில் மதிப்பெண் பட்டியல் வாங்க இருவரும் வந்தனர். தாயின் காதில் தோடு இருந்தது. மகளின் கையில் கைப்பேசி. யாரோ பயன்படுத்தியதை விலைக்கு வாங்கி, புது மின்கலம் போட்டார்களாம். பின்புறத்தில் நீளமான கீறல் ஒன்று. அதன்மீது பெரிய ரோசாப்பூப் படம் ஒன்றை ஒட்டியிருந்தாள். அங்கே எந்த நிறுவனத்தின் சின்னம் இருந்ததென்று பூவுக்கு அடியில் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.